மீற்றரில் விளக்கு எரிந்தால்: புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் முதன்முறை கார் வாங்குபவரின் கைக்கு வருவது பல நேரங்களில் ஜப்பானில் ஒருவர் ஓட்டி முடித்த அக்குவாவோ விட்ஸோ வெகன் ஆரோதான். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இங்கே ஓடிய வாகனங்களுக்கு வயதும் ஏறியது, விலையும் ஏறியது. வயதான வாகனம் ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள மீற்றரில் ஏதாவது ஒரு விளக்கைக் காட்டத்தான் செய்யும். அதைக் கண்டதும் சிலர் பதறிப்போய் முதல் கண்ட கராஜுக்குள் நுழைகிறார்கள். வேறு சிலர் "அது சும்மா எரியும்" என்று மாதக்கணக்கில் ஓடுகிறார்கள். இரண்டுமே காசைக் கரைக்கும் வழிகள்.

இதைப் படித்து யாரும் மெக்கானிக் ஆகப்போவதில்லை. உடனே நிறுத்த வேண்டுமா, மெதுவாகக் கராஜ் வரை போகலாமா, வீட்டு முற்றத்திலேயே பார்த்துவிடலாமா என்று முடிவெடுக்கத் தெரிந்தால் போதும். பழுது எந்தப் பக்கத்தில் என்பதைத்தான் விளக்கு சொல்லும். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. இந்த வேறுபாடு தெரியாததால்தான் நல்ல பாகங்களைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

முதல் படி: எரிய வேண்டியவை எரிகின்றனவா?

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் திறப்பை ஒன் (ON) நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பொத்தான் உள்ள வாகனமாக இருந்தால், பிறேக்கில் கால் வைக்காமல் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரியும். ஏபிஎஸ் (திடீர்ப் பிறேக்கில் சில்லு பூட்டாமல் தடுப்பது), எயார்பேக் போன்றவை சில விநாடிகளில் தாமாக அணையும். ஒயில், பற்றரி, எஞ்சின் விளக்குகள் எஞ்சின் இயங்கத் தொடங்கிய பிறகே அணையும். இது வாகனம் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் நேரம்.

இந்தச் சோதனையின்போது எரியாத விளக்கைக் கண்டால்தான் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும். பழைய வாகனத்தை விற்பவர்களில் சிலர் எயார்பேக் அல்லது எஞ்சின் விளக்கின் பல்பையே கழற்றிவிடுவார்கள்; கறுப்பு டேப் ஒட்டி மறைப்பவர்களும் உண்டு. வாகனம் பார்க்கப் போகும்போது பெயின்ற்றைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது நிறம். சிவப்பு என்றால் பாதுகாப்பான முதல் இடத்தில் நிறுத்துங்கள். செம்மஞ்சள் என்றால் ஓடலாம், ஆனால் நாட்கணக்கில் தள்ளிப்போட முடியாது. பச்சையும் நீலமும் தகவல் மட்டுமே. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எரியும் நீல நிற வெப்பமானிச் சின்னத்தைப் பார்த்துப் பயப்படுபவர்கள் உண்டு. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. நம் வெயிலில் சில நிமிடங்களில் அது அணைந்துவிடும். நெடுநேரம் ஓடியும் அணையாவிட்டால், எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாற் திறந்தபடியே நின்றிருக்கலாம். அவசரமில்லை, அடுத்த சேர்விஸில் சொல்லுங்கள்.

திரையில் ஜப்பானிய எழுத்து ஓடினால் கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் கமராவைத் திறந்து அதன் முன் பிடியுங்கள். எந்த விளக்காக இருந்தாலும் எரியும்போதே ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. கராஜ் வாசலுக்குப் போனதும் அணைந்துவிடுவது இந்த விளக்குகளின் பழக்கம்.

எங்கே நிறுத்துவது?

நூல்களில் "உடனே ஓரமாக நிறுத்தவும்" என்று எழுதிவிடுகிறார்கள். கல்முனை வீதியில், ஆரையம்பதிக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் இடையில் என்றால் அது சரி. எங்கே நிறுத்தினாலும் நாலு பேர் வந்து எட்டிப் பார்ப்பார்கள். இரவு நேரத்தில் புணானைக்கும் வெலிக்கந்தைக்கும் இடையிலோ, மகாஓயா வீதியிலோ, பொத்துவிலுக்கு மேலே லகுகலைப் பக்கத்திலோ சிவப்பு விளக்கு எரிந்தால் கதை வேறு. அவை யானை இறங்கும் இடங்கள். ஒயில் விளக்கென்றால் அங்கும் எஞ்சினை நிறுத்தியே ஆக வேண்டும். ஆனால் வாகனத்துக்குள்ளேயே இருங்கள், நான்கு பக்கச் சிக்னலையும் போடுங்கள், தொலைபேசியில் ஆளைக் கூப்பிடுங்கள். பொனற்றைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். பற்றரி விளக்கு மட்டும் என்றால் அடுத்த சந்தி வரை போகலாம். ஏன் என்பதைக் கீழே பாருங்கள்.

ஒயில் குவளை: ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாதது

சொட்டு விழும் குவளை வடிவில் சிவப்பாக எரிவது ஒயில் அளவைக் காட்டும் விளக்கு என்று பலர் நம்புகிறார்கள். அது காட்டுவது அழுத்தத்தை. அந்த அழுத்தம் இல்லாவிட்டால் எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் நேரடியாக உரசும். "வீடு பக்கத்தில்தானே" என்று ஓட்டும் அந்த இரண்டு கிலோமீற்றரில் பெயரிங் போய்விடும். அதன்பிறகு பேச்சு ஒயில் மாற்றுவதைப் பற்றி இருக்காது, எஞ்சின் மாற்றுவதைப் பற்றித்தான் இருக்கும்.

எஞ்சினை நிறுத்தி, வாகனம் சமதரையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒயில் கீழே இறங்க ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துத் துணியால் துடைத்து, மீண்டும் அடிவரை செருகி, இன்னொரு முறை இழுத்துப் பாருங்கள். முதல் முறை இழுக்கும்போது தெரிவதை நம்ப வேண்டாம். ஓட்டத்தில் சிதறிய ஒயில் கம்பி முழுவதும் பூசியிருக்கும். இரண்டாம் முறை கம்பியின் நுனியில் இரண்டு அடையாளங்களுக்கு இடையில் ஒயில் நிற்க வேண்டும். கீழ் அடையாளத்துக்கும் மேல் அடையாளத்துக்கும் இடையிலான வித்தியாசம் பல சிறிய கார்களில் ஏறத்தாழ ஒரு லீற்றர்.

குறைந்திருந்தால் கால் லீற்றர் கால் லீற்றராக ஊற்றிப் பார்த்துக்கொண்டே நிரப்புங்கள். எந்த ஒயில் என்பது கையேட்டிலும், பல வாகனங்களில் ஒயில் மூடியிலுமே எழுதியிருக்கும். மேல் அடையாளத்தைத் தாண்டி ஊற்றுவதும் கேடுதான். நிரப்பிய பின் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகளில் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டாலோ, அளவு ஏற்கெனவே சரியாக இருந்தும் எரிந்தாலோ மறுபேச்சின்றி எஞ்சினை நிறுத்திவிட்டுத் தூக்கிச் செல்லும் வாகனத்தை அழையுங்கள். சென்சர் பழுதாகவும் இருக்கலாம். அதை அழுத்தம் அளக்கும் மீற்றர் வைத்துக் கராஜில் சொல்லட்டும். நீங்கள் ஊகிக்க வேண்டாம்.

வளைவில் திரும்பும்போது மட்டும் ஒயில் விளக்கு மின்னி மறைகிறதா? பெரும்பாலும் அளவு குறைந்திருக்கும். நிறுத்தி, கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டே மேலே போங்கள்.

சிவப்பு வெப்பமானி

அக்குவா, விட்ஸ், அல்ட்டோ போன்ற பல கார்களில் வெப்பத்தைக் காட்டும் முள் கிடையாது. நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்தான். ஆகவே சிவப்பு எரியும்போது வெப்பம் ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டது. கண்டிக்குப் போகும் வழியில் மஹியங்கனைப் பதினெட்டு வளைவில் ஏசியும் போட்டு, ஆட்களும் நிறைந்து ஏறும்போது இது வருவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

ஏசியை நிறுத்துங்கள். ஹீற்றரை முழுச் சூட்டில், முழுக் காற்றில் போடுங்கள். வியர்த்துக் கொட்டும்தான், ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். நிறுத்த இடம் கிடைத்ததும் எஞ்சினை நிறுத்தி அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். அதுவரை றேடியேற்றர் மூடியில் கை வைக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில்தான் பீறிட்டு அடிக்கும். மேல் குழாயைத் துணியால் பிடித்து அமுக்கிப் பார்த்து, அது தளர்ந்து மிருதுவாக இருந்தால் மட்டுமே மூடியைத் தடித்த துணி வைத்து மெல்லத் திருப்பலாம்.

முதலில் பார்க்க வேண்டியது பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் தாங்கி. அதில் மேல் கோடும் கீழ் கோடும் இருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ற் கீழ் கோட்டுக்கும் கீழே போயிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. குழாய்ப் பொருத்துகள், றேடியேற்றரின் ஓரம், வாகனத்தின் அடி ஆகிய இடங்களில் இளஞ்சிவப்பு அல்லது பச்சை நிறக் கறை தெரிகிறதா பாருங்கள். அளவு சரியாக இருந்தால் முன்னால் உள்ள மின்விசிறி சுழல்கிறதா என்று கவனியுங்கள்; பல வாகனங்களில் ஏசி போட்டதும் அது சுழலத் தொடங்கும். ஒயில் மூடியின் உட்புறத்தில் பால் தேநீர் நிறத்தில் நுரை படிந்திருந்தால் கூலன்ற் ஒயிலோடு கலந்திருக்கக்கூடும். எஞ்சினின் மேற்பகுதிக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கஸ்கற் பழுதுக்கு அது ஓர் அறிகுறி. அதற்குமேல் ஓட்ட வேண்டாம்.

வீட்டில் ஊற்றும்போது கிணற்று நீர் வேண்டாம். வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கமுள்ள எழுவான்கரையின் மணற் கிணறுகளில், குறிப்பாகக் கோடையில், உவர் ஏறும். அந்த உப்பு றேடியேற்றருக்குள் படிந்து குழாய்களை அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும். வழியில் வேறொன்றும் இல்லாத அவசரத்தில் குடிநீர்ப் போத்தலை ஊற்றிக்கொண்டு வரலாம். வந்த கிழமையே அதை வடித்துவிட்டு முறையான கூலன்ற் போட்டுவிடுங்கள்.

பற்றரிச் சின்னம்

ஓடும்போது இது சிவப்பாக எரிந்தால் பற்றரி பழுது என்று பொருளில்லை. பற்றரிக்கு மின் ஏறவில்லை என்று பொருள். மின் உண்டாக்கும் அல்ற்றர்நேற்றரோ அதைச் சுழற்றும் பெல்ற்றோ காரணமாக இருக்கலாம். புதுப் பற்றரி வாங்கிப் போட்டும் விளக்கு அணையவில்லை என்று புலம்புபவர்களின் கதை இதுதான். பற்றரியில் மிஞ்சியுள்ள மின்னில் கொஞ்ச நேரம் ஓடலாம். ஏசி, வானொலி, தேவையற்ற விளக்குகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நேராகக் கராஜுக்குப் போங்கள். வழியில் எஞ்சினை நிறுத்தாதீர்கள். ஆனால் பெல்ற் அறுந்திருந்தால் சில வாகனங்களில் தண்ணீர் பம்பும் சேர்ந்து நின்றுவிடும். ஆகையால் வெப்ப விளக்கின் மீது ஒரு கண் இருக்கட்டும். ஸ்டியரிங்கும் திடீரெனக் கனத்தால் நிறுத்துங்கள்.

வீட்டில் ஒரு மல்ற்றிமீற்றர் இருந்தால் பாதி ஐயம் தீர்ந்துவிடும். எஞ்சினை நிறுத்தி ஓயவிட்ட பற்றரியில் 12.4 முதல் 12.7 வோல்ற் வரை காட்ட வேண்டும். 12-க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை வந்தால் மின் ஏறுகிறது. சில புதிய வாகனங்களில் கணினியே இதைக் கூட்டிக் குறைக்கும், ஆகவே ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஓடும்போதும் 12-ஐச் சுற்றியே நின்றால் குற்றம் பற்றரியில் இல்லை.

கடற்கரையோரம் குடியிருப்பவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். கல்லடியிலோ காத்தான்குடியிலோ கடற்காற்றுப் படும் முற்றத்தில் நிற்கும் வாகனத்தின் பற்றரி முனைகளில் வெள்ளையும் பச்சை கலந்த நீலமுமாகத் தூள் பூத்திருக்கும். காலையில் ஸ்டார்ட்டர் "டக்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பதற்கு அதுவே போதும். எஞ்சினை நிறுத்தி, முதலில் கழித்தல் முனையைக் கழற்றுங்கள், பிறகு கூட்டல் முனையை. ஒரு கோப்பைச் சுடுதண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்து பழைய பல் தூரிகையால் தேயுங்கள். சீறிக்கொண்டு நுரை எழும். தூள் கரைந்து ஈயத்தின் மங்கிய பளபளப்பு தெரியும்வரை விடாமல் தேய்க்க வேண்டும். கலவை பற்றரியின் துளைகளுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகத் துடைத்துக் காயவைத்து, பூட்டும்போது கூட்டல் முதலில், கழித்தல் கடைசியில். மேலே மெல்லிதாகக் கிறீஸ் பூசுங்கள். கைக்கு உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம். அந்தத் தூளில் அமிலம் இருக்கும்.

பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் வாகனங்களில் இந்தச் சிறிய 12 வோல்ற் பற்றரி பொனற்றுக்குள் இல்லாமலும் இருக்கலாம். அக்குவாவில் பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அது இறங்கிவிட்டால் வெளியிலிருந்து மின் கொடுக்க முன்னாலுள்ள பியூஸ் பெட்டிக்குள் தனி முனை உண்டு. ஆனால் உங்கள் ஹைபிரிட்டிலிருந்து அயலவரின் வானுக்கு மின் கொடுக்கப் போகாதீர்கள். செம்மஞ்சள் நிறத் தடித்த வயர்கள் எங்கே தெரிந்தாலும் அவற்றிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். உயர் மின்னழுத்தம் ஓடுவது அவற்றில்தான். ஹைபிரிட் எச்சரிக்கை வந்தால் வீட்டில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: பின் இருக்கைப் பக்கத்தில் உள்ள காற்றுத் துளையை மூடிக்கொண்டு அரிசி மூட்டை கிடக்கிறதா, தூசி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது. பெரிய பற்றரி குளிர்வது அந்தத் துளையால் போகும் காற்றில்தான்.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி

சிவப்புப் பிறேக் விளக்கு. ஹேண்ட் பிறேக் முழுமையாக இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு பல் மிஞ்சி நின்றாலும் எரியும். அது சரியென்றால் பிறேக் எண்ணெய்த் தாங்கியைப் பாருங்கள். குறைந்திருந்தால் மேலே ஊற்றி விளக்கை அணைத்துவிட்டுத் திருப்தி அடையும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணெய் தானாக ஆவியாகிப் போவதில்லை. பிறேக் பாட் தேய்ந்தால் அளவு மெல்ல மெல்ல இறங்கும். திடீரென்று இறங்கினால் ஒழுகுகிறது. ஒவ்வொரு சில்லின் உட்புறத்தையும் டோர்ச் அடித்து ஈரம் தெரிகிறதா பாருங்கள். மிதியை அழுத்தும்போது அது தரை வரை பஞ்சுபோல் இறங்கினால் வாகனத்தை ஓர் அடிகூட எடுக்க வேண்டாம்.

ஏபிஎஸ் மட்டும் செம்மஞ்சளாக எரிந்தால் சாதாரண பிறேக் வேலை செய்யும்; ஈர வீதியில் திடீரென அழுத்தினால் சில்லு பூட்டிக்கொள்ளும், அவ்வளவே. வயல் வழிகளில் ஓடியபின் சில்லுச் சென்சரில் சேறு அப்பியிருக்கலாம்; குழாய்த் தண்ணீரால் கழுவிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஏபிஎஸும் சிவப்புப் பிறேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் மட்டும் நிறுத்துங்கள்.

எயார்பேக் விளக்கை வீட்டில் தொட வேண்டாம். மல்ற்றிமீற்றரை அந்த மஞ்சள் இணைப்புகளில் வைத்தாலே பை வெடித்து விரிய வாய்ப்பிருக்கிறது.

எஞ்சின் வடிவச் செம்மஞ்சள்

நிலையாக எரிகிறதா, மின்னுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. மின்னினால் எஞ்சின் மிஸ் அடிக்கிறது, அதாவது சிலிண்டருக்குள் பெற்றோல் சரியாகப் பற்றவில்லை. எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய், புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைச் சுட்டுக் கெடுக்கும். காலைத் தளர்த்தி மெதுவாக அருகிலுள்ள இடத்துக்குப் போய் நிறுத்துங்கள். நிலையாக எரிந்து, வாகனமும் வழமைபோல் ஓடினால் இரண்டொரு நாள் அவகாசம் இருக்கிறது. பெற்றோல் மூடியை இறுக்கிப் பார்க்கச் சொல்லும் காணொளிகள் பெரும்பாலும் அமெரிக்க வாகனங்களை மனத்தில் வைத்துச் செய்தவை. இறுக்குவதில் நட்டமில்லை; ஜப்பானிய உள்நாட்டு வாகனத்தில் அதனால் தீரும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

ஈஎல்எம்327 வகைச் சிறிய புளூடூத் கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முனை கொண்ட செருகியில் அதைச் செருகி, பழுதைக் குறிக்கும் எண்ணான "கோட்"டைக் கைபேசிச் செயலியால் வாசிக்கலாம். சில பழைய ஜப்பானிய வாகனங்கள் இதனோடு பேசாது. வாங்குமுன் நண்பர் ஒருவரின் கருவியைச் செருகிப் பார்ப்பது நல்லது. வந்த கோட்டை முதலில் எழுதி வையுங்கள், அழிக்காதீர்கள். அழித்தால் பழுது நேர்ந்தபோது எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்ற பதிவும் சேர்ந்து போய்விடும்.

பீ0301 என்றால் முதலாம் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. அங்கு தீப்பொறிக்கு மின் கொடுக்கும் இக்னிஷன் கொயிலை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோட் பீ0302 ஆக மாறினால் குற்றவாளி அந்தக் கொயில்தான். காசு செலவழியாத சோதனை; பத்து மில்லிமீற்றர் சாவி ஒன்றும் குளிர்ந்த எஞ்சினும் போதும். பீ0171 என்றால் எஞ்சினுக்குள் போகும் காற்றுக்கு எரிபொருள் போதவில்லை. அதைக் கண்டவுடன் ஒட்சிசன் சென்சர் மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல நிலையில் இருந்த சென்சரை அப்படி மாற்றிவிட்டு, பிறகு காற்றுக் குழாயில் வெடிப்பைக் கண்ட வாகனத்தை என் கண்ணால் பார்த்தேன். வடிகட்டி, காற்றுக் குழாய், காற்று அளக்கும் சென்சரின் அழுக்கு, பெற்றோல் பம்ப் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டிய கோட் அது.

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் முன்மாரி வேளாண்மை வெட்டி முடிந்ததும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். பல நாள் நின்ற வாகனத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத விளக்குகள் திடீரெனச் சேர்ந்து எரிந்தால், கோட் பார்ப்பதற்கு முன் பொனற்றைத் திறந்து வயர்களைப் பாருங்கள். நெல் உமியும் எலிப் புழுக்கையும் கிடந்தால் விடை கிடைத்துவிட்டது.

மாரி வெள்ளத்தில், கிரான் பக்கமோ வவுணதீவுப் பக்கமோ நீரைக் கடக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் ஒரு சுற்றிலேயே உள்ளிருக்கும் தண்டு வளைந்துவிடும். தள்ளிக் கரையேற்றுங்கள்.

கராஜில்

"எஞ்சின் லைட் எரிகிறது, பார்த்துவிடுங்கள்" என்று திறப்பைக் கொடுத்துவிட்டு வர வேண்டாம். எப்போது எரிந்தது, வாகனம் சூடாக இருந்ததா, மழையா, எந்த வேகத்தில், என்ன கோட் என்று சொல்லுங்கள். எடுத்து வைத்த படத்தைக் காட்டுங்கள். "அண்ணன், மாற்றும் பழைய பாகத்தை எனக்குத் தாருங்கள்" என்று முன்கூட்டியே கேளுங்கள். அதில் யாரும் கோபிக்க நியாயமில்லை. வேலை முடிந்ததும் கோட்டை அழித்துத் தருவார்கள், விளக்கும் அணைந்திருக்கும். ஆனால் பல பழுதுகளை வாகனம் சில தடவை ஓடிய பின்பே மீண்டும் உறுதிப்படுத்தும். நாலைந்து நாள் வழமைபோல் ஓடிவிட்டு உங்கள் கருவியால் மறுபடி வாசியுங்கள். விளக்கு எரியாவிட்டாலும் செயலியின் நிலுவைப் (pending) பட்டியலில் அதே கோட் கிடந்தால், ரசீதை எடுத்துக்கொண்டு அதே கராஜுக்குத் திரும்பிப் போகலாம்.